போன எடை திரும்பி வரும்போது

"மனசு வைத்தால் முடியாதது உண்டா சார்?" என்று யாராவது ஆரம்பித்தால், நான் மெதுவாக நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்திக்கொள்கிறேன். எடை குறைப்பதைப் பற்றிய பேச்சில் இந்த ஒரு வாக்கியம் செய்த கெடுதலை நெய்யும் சர்க்கரையும் சேர்ந்துகூடச் செய்திருக்காது என்பது என் கட்சி. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டு படங்கள் வரும். இடது பக்கம் தொப்பையோடு ஒருவர், வலது பக்கம் அதே ஆள் ஒல்லியாக, பெல்ட்டை இழுத்துக் காட்டிக்கொண்டு. கீழே, "ஆறே மாதம். மன உறுதி." எல்லோரும் கைதட்டும் பொம்மையைப் போடுவார்கள். நான் தேடுவது மூன்றாவது படத்தை. மூன்று வருடம் கழித்து எடுத்திருக்க வேண்டிய படம். அது மட்டும் எந்தக் குழுவிலும் வருவதில்லை. வராததன் காரணம் நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் பேசுவதில்லை. இன்று அந்த மூன்றாவது படத்தைப் பற்றித்தான்.

முதலில் என் கணக்கு. அரக்கோணத்தில் ரயில்வே வேலை முடிந்து, ஓய்வு பெற்ற இரண்டாவது வருடம், 2019 ஜனவரியில் என் எடை 88 கிலோ. உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். சர்க்கரை எட்டிப் பார்த்திருந்தது, ரத்தக் கொதிப்பு ஏற்கெனவே வீட்டு மனுஷன் மாதிரி ஆகிவிட்டிருந்தது. டாக்டர், "பத்து சதவீதம் குறைத்தாலே போதும், அதற்கு மேல் லாபம்" என்றார். 2020 மார்ச்சில் 74. பிறகு ஊரடங்கு. மலைக்கோயில் செப்டம்பர் வரை மூடியிருந்தது, காலை நடையும் போச்சு. அந்த வருடம் முடிவதற்குள் 81. மறுபடி இரண்டு வருடத்தில் 76. 2023இல் என் மனைவிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியும் வீடுமாக ஐந்து மாதம், 80. இன்றைக்கு 77.

ரயில்வேக்காரன் புத்தி, கூட்டிக் கழித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஆறு வருடத்தில் நான் குறைத்தது மொத்தம் 22 கிலோ. திரும்பி வந்தது 11. கையில் நிற்பது 11. ஒரு கிலோ நிற்பதற்கு இரண்டு கிலோ குறைக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு உறவினரிடம் சொன்னபோது, "அப்படியானால் பாதி வேஸ்ட்தானே மாமா?" என்றார். அவர் சேமிப்புக் கணக்கில் போட்டதையெல்லாம் எடுக்காமல் வைத்திருப்பவர் போலிருக்கிறது.

எடை ஏன் திரும்பி வருகிறது? "கட்டுப்பாடு போச்சு, மறுபடி தின்ன ஆரம்பிச்சுட்டான்" என்பது ஊர்த் தீர்ப்பு. உடம்பைப் படித்தவர்கள் சொல்வது வேறு. அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடந்தது, பெருத்த உடம்புக்காரர்களைக் கூட்டிவந்து யார் அதிகம் குறைக்கிறார்கள் என்று பார்ப்பது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்துக் கூப்பிட்டு அளந்து பார்த்தார் கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர். 2016இல் அது வெளிவந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், அதில் 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட முக்கியம் இன்னொன்று. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி இருக்கிறதே, அது அந்த எடையும் வயதும் உள்ள ஒருவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருடம் கழித்தும்! அதாவது அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடும் அதே அளவு சாப்பிட்டாலும் இவர்களுக்கு மட்டும் ஏறும்.

ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். 2011இல் வந்த ஆய்வு. பசியைத் தூண்டும் சுரப்புகள் ஏறின, போதும் என்று சொல்லும் சுரப்புகள் இறங்கின, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒரு வருடம் போன பிறகும் அவை பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எடை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தபோதும் பசி மட்டும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது.

என் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அவருடைய பாட்டி சொன்ன கதைகளைச் சொல்வார். 1876இலிருந்து 78 வரை நம் பக்கமெல்லாம் பிணக்காடு. அப்படிப்பட்ட காலங்களில் உயிர் பிழைத்த உடம்புகளின் வழியில் வந்தவர்கள் நாம். எடை குறைந்தால் உடம்பு அதைப் பஞ்சம் என்றுதான் எடுத்துக்கொள்கிறது. நாம் ஆரோக்கியத்துக்காக நடைப்பயிற்சி போகிறோம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? இருக்கிறதைப் பூட்டி வைக்கிறது, இன்னும் கொண்டா என்று கேட்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்கிற உடம்பைப் பார்த்து "உனக்கு மன உறுதி இல்லை" என்பது, மழைக்கு ஒதுங்கிய மாட்டைச் சோம்பேறி என்பது போலத்தான்.

இது இந்தக் காலத்து ஆட்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை என்றும் நினைக்க வேண்டாம். லண்டனில் வில்லியம் பேன்டிங் என்று ஒருவர் இருந்தார். சவ அடக்க ஏற்பாடுகள் செய்கிற தொழில், பெரிய மனிதர்கள் வீட்டு அடக்கமெல்லாம் அவர் குடும்ப நிறுவனம்தான். 1862இல் அவருக்கு 66 வயது வாக்கில். என்னைப் போலவே ஐந்தடி ஐந்தங்குலம், 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிந்து செருப்பு நாடாவைக் கட்ட முடியாது. மாடிப்படியில் இறங்கும்போது முழங்கால் தாங்காமல் பின்பக்கமாகத் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்குவாராம். எடையைக் குறைக்க அதற்கு முன் பல வருடம் பாடாய்ப் பட்டிருக்கிறார். விடியற்காலையில் ஆற்றில் படகு வலித்தார். உடம்பில் பலம் ஏறியது, கூடவே பசியும் ஏறியது, எடையும் ஏறியது. கடைசியில் காது சரியாகக் கேட்கவில்லை என்று போன இடத்தில் ஒரு டாக்டர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஒரு வருடத்தில் 46 பவுண்டு இறங்கியது. 1863இல் தன் செலவில் ஒரு சிறு புத்தகம் போட்டார், அது ஊரெங்கும் பரவி அவர் பெயரே 'பத்தியம் இருப்பது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகிவிட்டது. 81 வயது வரை இருந்தார்.

எனக்கு அவரிடம் பிடித்தது அந்த வெற்றி இல்லை. அதற்கு முன்னால் வரிசையாகத் தோற்றதையெல்லாம் வெட்கப்படாமல் அச்சில் போட்டாரே, அதுதான். நம் பக்கம் அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா?

சரி, நம் ஊருக்கு வருகிறேன். திருத்தணியில் எடை குறைப்பதில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. வெளியூரில் இளைத்தால் "சூப்பர்" என்பார்கள். இங்கே இளைத்தால் துக்கம் விசாரிப்பார்கள். 74 கிலோவில் இருந்தபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வருவதற்குள் நான்கு பேர் நிறுத்தினார்கள். "என்ன சார், சுகரா?" என்றார் ஒருவர். இன்னொருவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டெஸ்ட் எல்லாம் எடுத்தீங்களா?" பக்கத்துத் தெரு தெலுங்குக்காரப் பெரியம்மா, "ஏம் சார், இட்லா சன்னபடிபோயாரு?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் என் மனைவியைத்தான் பார்த்தார். சோறு போடுவதில்லையா என்பது கேள்வி. அன்று ராத்திரி வீட்டில் எனக்கு நெய் கூடுதலாக விழுந்தது.

நியாயமாகச் சொன்னால், அந்தக் கேள்வியில் ஒரு பொட்டு உண்மை இருக்கிறது. நாம் ஒன்றும் செய்யாமலே எடை தானாகக் குறைந்தால் அது சர்க்கரை முற்றியதன் அடையாளமாக இருக்கலாம், வேறு பெரிய வியாதியாகவும் இருக்கலாம். உடனே டாக்டரைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வேண்டுமென்றே குறைப்பவனுக்கு இந்த விசாரிப்பு ஆளைக் கவிழ்த்துவிடும். அதே ஆட்கள் எடை திரும்பி வந்ததும் என்ன சொன்னார்கள் தெரியுமா? "இப்பத்தான் சார் பழைய களை வந்திருக்கு." சறுக்கலுக்குப் பாராட்டு கிடைக்கிற ஊர் இது.

அப்புறம் விரதம். மாதா மாதம் கிருத்திகை. என் சின்ன வயதில் அம்மா கிருத்திகை விரதம் என்றால் பகலில் பாலும் பழமும், அவ்வளவுதான். இப்போது பல வீடுகளில் 'சோறு கிடையாது' என்பது மட்டும்தான் விரதம். காலையில் இட்லி, மத்தியானம் அடை, சாயங்காலம் உப்புமா, நடுவில் நாலு வடை. சோற்றைத் தவிர எல்லாம் உள்ளே போகும். முருகன் கணக்குப் பார்ப்பதில்லை, எடை மிஷின் பார்க்கிறது. இது போதாதென்று, திருப்பதி போய்விட்டு இந்த வழியாகத் திரும்பும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரு எட்டு நம் வீட்டுக்கு வருவார்கள். லட்டு இல்லாமல் வருவார்களா? பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு மீதியைப் பேரப்பிள்ளைகள் பக்கம் தள்ளிவிடுவேன்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம். இனிச் சொல்லப்போவதை அப்படி எழுத முடியாது.

எனக்கு ஒரு நண்பர். பெயர் வேண்டாம், ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். பத்து வருடச் சர்க்கரைக்காரர். ஒரு டாக்டரின் யோசனைப்படி ஒன்பது மாதத்தில் 12 கிலோ குறைத்தார். பாராட்டுக்குப் பஞ்சமில்லை, ஒரு கல்யாண மண்டபத்தில் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சர்க்கரை இறங்கியது, மாத்திரை பாதியானது. பிறகு மகள் பிரசவம், வீட்டில் ஆள் நடமாட்டம், ஒரு சாவு. ஒரு வருடத்தில் 12இல் 10 திரும்பிவிட்டது. பாராட்டியவர்களே, "என்னண்ணா, அவ்வளவுதானா உங்க வைராக்கியம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வேடிக்கையாகத்தான் கேட்டார்கள். அவர் முதலில் நடைக்கு வருவதை நிறுத்தினார். அப்புறம் டாக்டரிடம் போவதை நிறுத்தினார். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போய் எடை மிஷின்ல ஏறுறது?" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பாதியாக்கிய மாத்திரையையே விழுங்கிக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டினார். ரத்தப் பரிசோதனை கிடையாது. பாதத்தில் ஒரு கொப்புளம், செருப்புக் கடி என்று நினைத்தார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று.

அந்த 10 கிலோவா அவர் விரல்களைக் கொண்டுபோனது? நான் அப்படி நினைக்கவில்லை. எடை திரும்பி வந்த மறு மாதமே அவர் போயிருந்தால், டாக்டர் மாத்திரையைப் பழையபடி கூட்டியிருப்பார், காலைப் பார்த்திருப்பார், கதை அத்தோடு முடிந்திருக்கும். அவரைப் போகவிடாமல் தடுத்தது வெட்கம். அந்த வெட்கத்தை உண்டாக்கியது, 'மனசு வைத்தால் முடியும்' என்ற வாக்கியத்தின் மறுபக்கம். முடியவில்லை என்றால் நீ மனசு வைக்கவில்லை என்று அர்த்தம் ஆகிவிடுகிறதே!

இப்படிப்பட்டவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் ஒரு சேதி நம் சென்னையிலிருந்தே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் சர்க்கரை நோயின் வாசலில் நின்றுகொண்டிருந்த 531 பேரை எடுத்து, சில பிரிவுகளாகப் பிரித்து, சுமார் மூன்று வருடம் கவனித்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உணவு முறை மாற்றம், தினசரி நடை, அதைத் தொடர்ந்து நினைவூட்டல். முதல் பிரிவில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. இரண்டாவது பிரிவில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் ஆச்சரியம் எங்கே என்றால், அந்த இரண்டாவது பிரிவினரின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை. எடை மிஷினை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் எல்லோரும் தோற்றவர்கள். "மூணு வருஷம் நடந்து என்ன கண்டே, அதே தொப்பை" என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். உள்ளே ரத்தத்தில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

அமெரிக்காவிலும் இதே மாதிரி 3,234 பேரை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. 2002இல் முடிவு வந்தது. அங்கே எடையும் குறைந்தது, நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. பிறகு அவர்களைப் பின்தொடர்ந்தபோது, எதிர்பார்த்தபடியே, எடையில் ஒரு பகுதி திரும்பிவிட்டது. ஆனால் பத்து வருடம் ஆன பிறகு பார்த்தாலும், ஒன்றும் செய்யாதவர்களைவிட நோய் வந்தது 34 சதவீதம் குறைவு. குறைந்திருந்த காலத்தில் உடம்புக்குக் கிடைத்ததை, திரும்பி வந்த கிலோக்கள் முழுக்கப் பிடுங்கிக்கொண்டு போகவில்லை. என் உறவினரின் 'பாதி வேஸ்ட்' கேள்விக்கு இதுதான் பதில். அடுத்த முறை வரும்போது சொல்ல வேண்டும்.

இதற்காக எடையைப் பார்க்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வாரம் ஒருநாள், திங்கட்கிழமை காலை, டைரியில் எழுதுகிறேன். 78ஐத் தாண்டினால் அந்த வாரம் ராத்திரி சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகும் கீரையும். 80ஐத் தொட்டால் டாக்டர். அவ்வளவுதான் சட்டம். இதில் கோபத்துக்கு இடமில்லை. பழைய நாளில் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் வண்ண விளக்கு எரியும் எடை மிஷின் நிற்குமே, ஞாபகம் இருக்கிறதா? காசைப் போட்டால் சக்கரம் சுற்றி அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் ஜோசியம். 'நீங்கள் நேர்மையானவர், எல்லோராலும் விரும்பப்படுபவர்.' எடைக்கும் நம் குணத்துக்கும் அன்றைக்கே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். நான் அட்டையின் முதல் பக்கத்தை மட்டும் படிக்கிறேன்.

உற்சாகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் 31 ராத்திரி நம் மலையில் படித்திருவிழா. வருஷத்துக்கு 365 நாள் என்று 365 படி, ஒவ்வொரு படியிலும் கற்பூரம், திருப்புகழ். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்து நூறு வருடத்துக்கு மேலாகிறது. அன்று படி ஏறுபவர்களில் கணிசமானவர்கள், மேலே போய்ச் சேரும்போது எடை குறைப்பது என்று சங்கல்பம் செய்துகொண்டுதான் இறங்குகிறார்கள். ஜனவரி முதல் வாரம் காலையில் பாருங்கள், நடக்க இடம் இருக்காது. புது ஷூ, காதில் பாட்டு. பொங்கலுக்குள் பாதி. தைப்பூசம் வரும்போது பழைய ஆட்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். அந்தப் புது ஆட்களின் உற்சாகத்தில் குறை ஒன்றுமில்லை, என்னுடையதைவிட அதிகம்தான். உற்சாகம் விருந்தாளி மாதிரி, வந்தால் சந்தோஷம், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகும். அதை நம்பி வீட்டை நடத்த முடியாது.

அது போன பிறகு நடக்க வைப்பது எது என்று யோசித்துப் பார்த்தேன். என் விஷயத்தில், பால் பூத். நடையை முடித்துத் திரும்பும் வழியில் பால் வாங்கி வருவது என் பொறுப்பு. நடக்காவிட்டால் வீட்டில் காபி இல்லை. காபி இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எழுத இங்கே இடம் போதாது. மழை, சலிப்பு, எடை ஏறிய வாரம், எது வந்தாலும் பால் வாங்கியாக வேண்டும். ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைப் பக்கம் போய்ப் பூ வாங்கும் வேலை. இன்னொருவர் பேத்தியை டியூஷனில் விட்டுவிட்டு அப்படியே வருகிறார். யாருக்கும் மன உறுதி பெரிதாக இருப்பதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரு வேலை இருக்கிறது.

படி ஏறுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஏறுவது நெஞ்சுக்கு, இறங்குவது முழங்காலுக்கு. பேன்டிங் துரைக்குத் தெரிந்த விஷயம். நான் மாதம் இரண்டு முறை படியேறிப் போய், மலைப்பாதையில் வண்டி பிடித்து இறங்கிவிடுகிறேன். "இறங்குறதுக்கு வண்டியா?" என்று கேலி செய்தவர்களில் இருவருக்கு இப்போது முழங்காலில் பெல்ட்.

இன்னொன்று, நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். அறுபத்தைந்துக்கு மேல் வேகமாக எடையைக் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் போகிறது. திரும்பி வரும்போது கொழுப்புதான் அதிகம் வருகிறது, போன தசை அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஆகவே பட்டினி கிடந்து மாதம் ஐந்து கிலோ குறைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். பருப்பு, சுண்டல், முட்டை, மோர், அவரவர் வழக்கப்படி ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். எடை மிஷின் சொல்லாததை அது சொல்லும். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பாட்டைப் பாதியாக்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அந்த மயக்கம் படிக்கட்டில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊசியைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. 2025 மார்ச்சில் மௌஞ்ஜாரோ இந்தியாவுக்கு வந்ததிலிருந்து, பேங்கில் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வரிசையில் நிற்கிறவர்கள்கூட அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பசியை அடக்கி எடையை நன்றாகவே குறைக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைட் மருந்தை நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இதைச் சொன்னால், "அப்ப ஊசியும் ஏமாத்தா?" என்கிறார்கள். இல்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் கொதிப்பு ஏறுகிறது, அதற்காக மாத்திரை ஏமாற்று என்கிறோமா? வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் டாக்டரும் அவரவர் பர்ஸும் முடிவு செய்யட்டும். எனக்கு இதில் பட்டது ஒன்றுதான். இவ்வளவு செலவில் செய்த மருந்தை நிறுத்தினாலே எடை திரும்புகிறது என்றால், வெறும் மனசை மட்டும் வைத்துக்கொண்டு 12 கிலோவைக் குறைத்த என் நண்பருக்குத் திரும்பியதில் என்ன அதிசயம்?

எடை குறைப்பவர்கள் எல்லோரும் இதை ஒரு போர் மாதிரிப் பேசுகிறார்கள். கொழுப்பை எரி, தொப்பையை ஒழி, எதிரியை விடாதே. மற்ற படைவீடுகளில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். நம் மலையில் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். போரெல்லாம் முடித்து, சினம் தணிந்து வந்து உட்கார்ந்த இடம் என்பதால்தான் தணிகை என்று பெயர். அறுபது வயதுக்கு மேல் சொந்த உடம்போடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. அது கேட்கிறதைக் கேட்கட்டும், நான் கொடுக்கிறதைக் கொடுக்கிறேன், முள் கொஞ்சம் முன்னே பின்னே ஆடட்டும்.

உயரத்துக்குச் சரியான எடை என்று நம் நாட்டு டாக்டர்கள் போட்டிருக்கும் அளவுப்படி நான் 63 கிலோவுக்குள் இருக்க வேண்டும். அந்த எண்ணை நான் கல்யாணத்துக்கு முன்பு கடைசியாகப் பார்த்தது. இனி பார்க்கப்போவதில்லை. என் டாக்டரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். மூன்று மாதச் சர்க்கரை அளவையும் கொதிப்பையும் பார்த்துவிட்டு, "இப்படியே போங்க" என்கிறார்.

நண்பர் இப்போது நடைக்கு வருகிறார். தனிச் செருப்பு, மெதுவான நடை, பால் பூத் வரைக்கும் மட்டும். மாதம் ஒருமுறை டாக்டரிடம் போவதற்கு நானும் கூடப் போகிறேன். அவர் மிஷினில் ஏறும்போது நான் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு என்று கேட்பதில்லை. போன மாதம் அவராகவே, "ஒண்ணரை ஏறியிருக்கு சார்" என்றார். "காலைப் பார்த்தாரா?" என்று கேட்டேன். "பார்த்தார், ஆறிடுச்சாம்" என்றார். வரும் வழியில் டீ குடித்தோம், சர்க்கரை இல்லாமல்.

வருகிற ஆடிக் கிருத்திகைக்கு மகன் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வருகிறான். காவடி பார்க்கப் பேரனுக்கு ஆசை. மூன்று நாள் சர்க்கரைப் பொங்கலும் வடையும் உறுதி, திங்கட்கிழமை முள் 78ஐத் தாண்டுவதும் உறுதி. கேழ்வரகு மாவு இப்போதே அரைத்து வைத்தாகிவிட்டது.